அந்த ரெண்டு நம்பர் எங்கவே போச்சு?

சார் கம்ப்யூட்டர் லைன்ல இருக்கீயளா? இல்ல, மடியில பொட்டியத் தொறந்து வச்சிருக்கீயளே, அதான் கேட்டேன். அதும் இந்த பஸ்ஸுல, இந்த ஆட்டத்துல. என்னது, நெட்ஒர்க்கா? நெட்ஒர்க் போடுத வேலையா! அட, சாமி கொண்டாந்துல்லா உங்கள என் பக்கத்துல உக்கார வச்சிருக்கு. அந்தப் பையக் காலுக்குக் கீழ வச்சுட்டு நல்லாச் சாஞ்சு உக்காருங்க. இப்பத்தான் புளியங்குடி தாண்டுது, ராஜபாளையம் வர இன்னும் நேரம் கெடக்கு. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். நீங்க எனக்கும் வேண்டியவரு கிடையாது, அந்த எஞ்சினியருக்கும் வேண்டியவரு கிடையாது. பொதுவா நின்னு சொல்லணும்.

இருநூத்தி அம்பத்திநாலுல பாதி எம்புட்டு சார்?

நூத்தி இருவத்தேழு. ஆங்! டக்குன்னு சொல்லிட்டீய. எங்க கடைக்கு வந்த எஞ்சினியர் நூத்தி இருவத்தாறுங்கான் சார். எனக்கும் நூத்தி இருவத்தாறு, எந்தம்பிக்கும் நூத்தி இருவத்தாறு. அப்பம் மிச்சம் ரெண்டு எங்கவே போச்சுன்னு கேட்டா, ‘அது அப்பிடித்தான் சார்’ங்கான். அப்பிடித்தான்னா எப்பிடி? கடைச் சொத்து சார். பட்டப்பகல்ல, நாலு பேரு பாக்க, ரெண்டு நம்பரு காணாமப் போனா மனுசன் சும்மா இருப்பானா?

இருங்க, மொதல்லருந்து சொல்லுதேன். அப்பத்தான் உங்களுக்கும் வயிறு எரியும்.

என் பேரு ஆவுடையப்பன். தென்காசியில பாத்திரக்கடை. சங்கரவடிவு பாத்திரக்கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாவ. சங்கரவடிவு எங்க அம்மை பேரு. அய்யா வச்சுட்டுப் போன கடை. நானும் எந்தம்பி குத்தாலிங்கமும்தான் பாத்தோம். நான் கல்லாவுல இருப்பேன், அவன் கம்ப்யூட்டர்ல பில்லு போடுவான். அவன் படிச்சவன் சார். ஆறு மாசம் இந்த நெட்ஒர்க் கோர்ஸ்தான் படிச்சான், திருநெல்வேலியில. சர்டிபிகேட்டெல்லாம் பிரேம் போட்டு மாட்டிருக்கோம். கடையில வயரு இழுத்தது, பொட்டி மாட்டுனது, கேமரா மாட்டுனது எல்லாம் அவன் கைதான். ஒரு வெளியாளு வந்தது கிடையாது.

நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. நடுவுல வந்துட்டு சார், அந்த எழவெடுத்த நான்ஸ்டிக் சட்டி.

என்ன சிரிக்கீய? கடைக்குள்ள நொழைஞ்சதும் மொதல்ல என்ன இருக்கணும்? குத்துவிளக்கு இருக்கணும். தாம்பாளம் இருக்கணும். மகாலட்சுமி மாதிரி பளபளன்னு இருக்கணும். நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கேன், வாசல்ல குத்துவிளக்கு இருந்த எடத்துல கருப்புக் கருப்பா சட்டி தொங்குது. கரிக்கடை மாதிரி இருக்கு. என்னலே இதுன்னேன். ‘இப்பம் சனங்க இதத்தான் கேக்காவண்ணே’ன்னான். குத்துவிளக்கு எங்கலேன்னேன். ‘பின்னால வச்சிருக்கேன்’னான். பின்னாலன்னா எங்க? அட்டைப்பொட்டி போடுத எடத்துல! அம்மை பேருல கடை வச்சுக்கிட்டு விளக்கத் தூக்கி அட்டைப்பொட்டி மேல வைப்பானா ஒருத்தன்? நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவன் ஒரு வார்த்தை சொன்னான். நான் சொன்னது கொஞ்சம் பெரிய வார்த்தை, அது இப்பம் வேண்டாம்.

அன்னைக்கோட பேச்சு நின்னுட்டு. ஒரே கடையில உக்காந்துக்கிட்டு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம யாவாரம் பண்ணிப் பாத்திருக்கீயளா? வந்த ஆளுகிட்டதான் பேச்சு. ‘அம்மா, அங்க உக்காந்திருக்காரே, அவருகிட்ட அஞ்சு லிட்டர் குக்கர் வெலை கேளுங்க’ன்னு நான் சொல்லுவேன். ‘அம்மா, அவரு தலைக்கு மேலதான் தொங்குது, எடுக்கச் சொல்லுங்க’ன்னு அவன் சொல்லுவான். அந்தம்மா நடுவுல நின்னு திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கிட்டுப் போகும்.

இது சரிப்படாதுன்னு எங்க தாய்மாமா சண்முகவேல் வந்தாவ. வந்து, பிரிச்சிருவோம்னுட்டாவ. கடைக்கு நடுவுல பிளைவுட் அடிச்சாச்சு. தெக்குப் பக்கம் எனக்கு, வடக்குப் பக்கம் அவனுக்கு. எங்க குடும்பத்துல பங்கு பிரிச்சா இளையவன்தான் மொதல்ல எடுக்கணும், அதனால எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா அடுக்கி வச்சு, அவன எடுக்கச் சொன்னாவ. கரண்டி பிரிச்சோம், இட்லிக் கொப்பரை பிரிச்சோம். ஒரு அண்டா ஒத்தையா மிஞ்சிட்டு. மாமா யோசிச்சாவ, யோசிச்சாவ, அண்டாவ எனக்கும் மூடிய அவனுக்கும் குடுத்துட்டாவ. இன்னைக்கு வரைக்கும் அது விக்கல, எப்பிடி விக்கும்?

கடைசியில கடைப் பேரு. அதையும் பிரிச்சாவ சார். எனக்கு ‘சங்கர் பாத்திரக்கடை’, அவனுக்கு ‘வடிவு பாத்திரக்கடை’. வெள்ளிக்கெழம போர்டு எழுதுத ஆளு வாரான்னு சொல்லிட்டாவ. எங்க அம்மைய நட்ட நடுவுல ரெண்டாப் பொளந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. ஆனா நான் வாயத் தொறக்கலயே. அவன் தொறக்கட்டும்னு இருந்தேன். அவனும் தொறக்கல. அழுத்தக்காரப் பய.

நெசத்தச் சொல்லுதேன் சார், எனக்குச் சோறு எறங்கல. முன்னாலெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே கேரியர்தான் வரும், என் ரசத்த அவன் ஊத்திக்கிடுவான், அவன் அப்பளத்த நான் எடுத்துக்கிடுவேன். இப்பம் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அவன் மோரு குடிக்கது எனக்குக் கேக்கும். உறிஞ்சி உறிஞ்சித்தான் குடிப்பான், சின்னதுலருந்து அப்பிடித்தான். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நான் சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சுட்டு எந்திரிச்சிருவேன்.

இந்தக் கூத்துல ஒரு பெரிய தலவலி. அவன் அந்தப் பக்கம் பில்லு போட்டா, என் பக்கத்து பிரிண்டர்ல வந்து விழுது. இம்புட்டுக்கும் அவன் பக்கமும் ஒரு பிரிண்டர் இருக்கு. ஆறு மாசம் கோர்ஸ் படிச்சவனுக்கு பிரிண்டர மாத்தத் தெரியல பாருங்க. ‘நான்ஸ்டிக் தோசைக்கல்லு ஒண்ணு’ன்னு என் கண்ணு முன்னாலயே வந்து விழும். எனக்கு எப்பிடி இருக்கும்? பேசக் கூடாதுல்லா, அதனால அந்த பில்ல பிளைவுட்டுக்குக் கீழ இருக்க இடுக்கு வழியாத் தள்ளி விடுவேன். அந்தப் பக்கம் அவன் கை வந்து எடுத்துக்கிடும். மோதிரம் போட்ட கை.

அது மட்டுமா? சாப்பாட்டு நேரம் ஆனா, டாண்ணு ஒரு வெறும் டெஸ்ட் பேஜ் வரும். யாரும் ஒண்ணும் வாங்கல, பில்லும் கிடையாது, சும்மா ஒரு டெஸ்ட் பேஜ். தெனமும். மிஷின்ல என்னமோ கோளாறுன்னு நெனச்சேன். அதையும் மெனக்கெட்டுக் குனிஞ்சு தள்ளி விடுவேன், முட்டு வலியோட.

மாமாகிட்ட சொன்னேன், இப்பிடி அவன் பில்லெல்லாம் என் பக்கம் வருதுன்னு. ‘அப்பம் கம்ப்யூட்டரையும் பிரிச்சிரணும்ப்பா, அது ஒண்ணுதான் பாக்கி. அத முடிச்சுட்டா வெள்ளிக்கெழம போர்ட மாட்டிரலாம்’னாவ. எனக்கு மனசே இல்ல. ஆனாலும் ‘பிரிங்க’ன்னுட்டேன். ரோசம் சார்.

அப்பத்தான் பாளையங்கோட்டையிலருந்து ஒரு எஞ்சினியரக் கூட்டியாந்தாவ. ஜெபசிங்னு பேரு. தாடி வச்சுக்கிட்டு ஆளு பாக்க சாதுவாத்தான் இருந்தான். அந்தத் தாடியப் பாத்து நானும் ஏமாந்துட்டேன்.

வந்தான், பொட்டியப் பாத்தான். குக்கர் அட்டைய ஒண்ணக் கிழிச்சு, அதுல எழுதி எங்களுக்கு வெளக்குனான். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் உண்டாம், வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி. அந்தத் தெரு எது வரைக்கும்னு சொல்லுததுதான் சப்நெட் மாஸ்க்காம். ‘இப்பம் உங்க கடை பூரா ஒரே தெரு சார். மாஸ்க்கு, இருநூத்தி அம்பத்தஞ்சு, இருநூத்தி அம்பத்தஞ்சு, இருநூத்தி அம்பத்தஞ்சு, கடைசியில சைபர். அந்தச் சைபர எடுத்துட்டு நூத்தி இருவத்தெட்டு போட்டா, தெரு ரெண்டாயிரும். இந்தத் தெருக்காரன் பில்லு அந்தத் தெருவுல போயி விழாது’ன்னான். சரி, நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்.

இப்பம் எத்தன கதவு நம்பரு இருக்குன்னேன். இருநூத்தி அம்பத்திநாலுன்னான். அடேயப்பா, இம்புட்டு சொத்தா நம்ம கடையில இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஒருத்தரும் சொல்லலயே!

மாமா, இளையவன எடுக்கச் சொல்லுன்னாவ. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, ‘பின் பாதி எனக்கு. ஒண்ணுலருந்து ஆரம்பிக்கது அவரு பக்கமே இருக்கட்டும்’னு குரல் வருது. பாத்தீயளா தந்திரத்த? எவனாவது மொதல் பாதிய விட்டுக் குடுப்பானா? அப்பம் பின் பாதியில என்னமோ விசயம் இருக்குன்னு எனக்குப் புத்தியில தட்டிட்டு. எண்ணுங்கவேன்னு ஜெபசிங்க நிக்க வச்சேன். எண்ணிப் பாத்தா, எனக்கு ஒண்ணுலருந்து நூத்தி இருவத்தாறு. அவனுக்கு நூத்தி இருவத்தொம்பதுலருந்து இருநூத்தி அம்பத்திநாலு.

அப்பம் நூத்தி இருவத்தேழு எங்க? நூத்தி இருவத்தெட்டு எங்க?

‘சார், ஒரு நம்பரு தெருவோட பேருக்கு. இன்னொண்ணு தெருவுல எல்லாரையும் ஒரே சமயத்துல கூப்பிடுததுக்கு’ங்கான். ஏவே, நீரு பாத்திரக்கடைக்கு வந்திருக்கீரா, முனிசிபாலிட்டிக்கு வந்திருக்கீரா? கடைக்குள்ள தெருவுக்கு எதுக்குவே பேரு? எல்லாரையும் கூப்பிடுததுக்கு நம்பரு எதுக்கு? நான் கல்லாவுலருந்து ஒரு சத்தம் குடுத்தா பஸ்ஸ்டாண்டுல நிக்கவன் திரும்பிப் பாப்பான்னேன். மாமா வேற சும்மா இருக்காம, ‘வயலப் பிரிச்சா வரப்புக்குக் கொஞ்சம் போகத்தானப்பா செய்யும்’னாவ. நான் விடுவேனா? ‘மாமா, ரெண்டு பேருக்கும் நடுவுல வரப்பு ஒண்ணு போதும், இவன் ரெண்டு வரப்புல்லா வெட்டுதான்’னேன்.

‘சார், உங்க கடையில மொத்தம் இருக்கதே ஒம்பது மிஷினு’ன்னான் ஜெபசிங். அதுக்கு? எங்க வீட்டுல கெணத்துல தண்ணி நெறைய கெடக்கு, அதுக்காக நீரு வந்து ரெண்டு குடம் மோந்துட்டுப் போவீரான்னு கேட்டேன்.

அப்பத்தான் சார் அது நடந்துச்சு. பிளைவுட்டுக்கு அங்கிட்டிருந்து ஒரு சத்தம்.

‘அண்ணே! விட்டுராத! ரெண்டு நம்பரு காணல!’

எந்தம்பி. எத்தன நாள் கழிச்சு, ‘அண்ணே’ங்கான். சுத்தி வந்து என் பக்கம் நிக்கான், என் தோளோட தோளு இடிக்க. ‘நான் நெட்ஒர்க் படிச்சவன்வே, எங்கிட்டயே கணக்கு காட்டுதீரா? எடும்வே ரெண்ட!’ன்னு கத்துதான். படிச்சவனே காணலைங்கான், அப்புறம் என்ன? எனக்கு யானை பலம் வந்துட்டு.

ஜெபசிங் அவனப் பாத்து, ‘சார், உங்களுக்குத் தெரியாதா, நேத்து நீங்களே போன்ல எங்கிட்ட...’ன்னு என்னமோ ஆரம்பிச்சான். எந்தம்பிக்கு வந்ததே கோவம், ஜெபசிங் காலப் போட்டு ஒரு மிதி. பய அப்பிடியே முழுங்கிட்டான். எனக்கே பாவமாப் போச்சு. எந்தம்பி சாது சார், எறும்பக் கூட மிதிக்க மாட்டான், நம்பரு போன ஆத்திரத்துல மிதிச்சுட்டான்.

பயந்துபோயி ஜெபசிங் வேற வழி சொன்னான். ‘வேணும்னா மாஸ்க்கு கடைசியில நூத்தி தொண்ணூத்திரெண்டு போட்டு நாலாப் பிரிப்போமா சார்?’னான். எம்புட்டு தேறும்னு கேட்டா, நாலையும் சேத்து இருநூத்தி நாப்பத்தெட்டாம். இன்னும் நாலு போச்சு! ‘ஆறு நம்பரு அண்ணே, ஆறு!’ன்னு எந்தம்பி தலையில கைய வச்சுக்கிட்டு குக்கர் பொட்டி மேலயே உக்காந்துட்டான். இந்த எஞ்சினியர விட்டா பிரிச்சுப் பிரிச்சே கடையில ஒரு நம்பரு இல்லாம ஆக்கிருவான் போலருக்கு.

‘ஒரு நம்பரும் போகக் கூடாதுன்னா என்னவே வழி?’ன்னு எந்தம்பிதான் கேட்டான். நல்லாக் கேட்டான்.

‘பிரிக்காம இருந்தா அப்பிடியே இருக்கும் சார். இருநூத்தி அம்பத்திநாலும்’னான்.

எந்தம்பி மெதுவா எம்பக்கம் திரும்பி, ‘அண்ணே, நீ என்ன சொல்லுத?’ன்னான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ரெண்டு நம்பரும் தப்பிச்ச சந்தோசம் சார், வேற என்ன. ‘பிரிக்க வேண்டாம்லே’ன்னேன். அவனும் மூக்க உறிஞ்சுதான். அவனுக்கும் நம்பரு மேல அம்புட்டு ஆசை.

கம்ப்யூட்டரப் பிரிக்கலைன்னா பில்லு எங்க வரும்? எம்பக்கம்தான் வரும். அப்பம் அவன் எதுக்கு அங்கிட்டு உக்காரணும்? இங்கிட்டு வந்துட்டான். அவன் இங்கிட்டு வந்தப்பெறவு பிளைவுட்டுக்கு என்ன வேலை? கழத்தியாச்சு. போர்டுகாரன வரவேண்டாம்னு மாமா சொல்லிட்டாவ. குத்துவிளக்கு வாசலுக்கு வந்துட்டு. பக்கத்துல அந்தக் கருப்புச் சட்டியும் தொங்குது, தொங்கட்டும், அதுவும் நல்லாத்தான் விக்குது. டெஸ்ட் பேஜும் அன்னைக்கோட நின்னுட்டு பாத்துக்கிடுங்க. அந்தக் கோளாறு என்னன்னு கடைசி வரைக்கும் தெரியல.

எந்தம்பி ஜெபசிங்க டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி தனியா என்னமோ ஏசியிருக்கான். திரும்பி வரும்போது அந்தப் பய சிரிச்சுக்கிட்டே வாரான், எனக்குக் கும்பிடு வேற போடுதான். ரோசமே கிடையாது. நானும் விடல, ரத வீதி பூரா சொல்லி வச்சிருக்கேன், அந்த எஞ்சினியரக் கூப்பிட்டா நம்பர எண்ணி வாங்குங்கன்னு.

இப்பம் சொல்லுங்க சார். அவன் எடுக்கப் பாத்தானா, இல்லையா?

என்னது?

திருப்பிச் சொல்லுங்க, மெதுவா. ரெண்டு தெருன்னா ரெண்டுக்கும் தனித்தனியா பேரு வேணுமா. சரி. ரெண்டுக்கும் தனித்தனியா கூப்பிடுத நம்பரு வேணுமா. ஒரே தெருவா இருந்தப்பமே ரெண்டு போயித்தான் இருநூத்தி அம்பத்திநாலா. அதனால எங்க பிரிச்சாலும் இன்னும் ரெண்டு போகத்தான் செய்யுமா. எல்லா ஊர்லயுமா? அமெரிக்காவுலயும் போகுமா? இது அந்தக் கோர்ஸ்ல மொத வாரமே சொல்லிக் குடுத்திருவாவளா?

ஐயையோ. அப்பம் அந்தப் பய எடுக்கலையா.

சார், சார், சத்தமாச் சொல்லாதீய. எந்தம்பி இந்த பஸ்ஸுலதான் வாரான். ரெண்டு பேரும் மதுரைக்கு சரக்கெடுக்கப் போறோம். முன்னால டிரைவர் கிட்ட கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கான் பாருங்க, ஊதாச் சட்டை. ஒரு எடம்தான் இருந்துச்சு, நீ உக்காருண்ணேன்னுட்டு நிக்கான். அவனுக்கு இது தெரியாது சார். கோர்ஸ் படிச்சவன்தான், இந்தப் பாடம் நடத்துன அன்னைக்கு லீவு போட்டிருப்பான் போல, பாவம். அந்த ரெண்டு நம்பருக்காகத்தான அவன் எங்கிட்ட திரும்பி வந்தான்? போனது திருட்டு இல்ல, கணக்குதான்னு தெரிஞ்சு, ‘அப்பம் பிரிச்சுக்கிடுவோம்ணே’ன்னு சொல்லிட்டான்னா நான் என்ன செய்வேன்? அவன் இல்லாம அந்தக் கடையில நான் உக்கார மாட்டேன் சார். என்னால முடியாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நீங்க ஒண்ணும் சொல்லிராதீய. பொய் சொல்லுததுன்னா நான் சொல்லுதேன், நீங்க சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க.

ராஜபாளையம் வந்துட்டு. பக்கத்து ஆளு எறங்கிட்டாரு. வாரான், வாரான். மூஞ்சியச் சாதாரணமா வச்சுக்கிடுங்க.

எலே குத்தாலம், வா, இங்க எடம் இருக்கு. சாரு யாருன்னு தெரியுமா? நெட்ஒர்க் எஞ்சினியரு, பெரிய ஆளு. நம்ம கேசச் சொன்னேன். நாமதான் சரியாம்லே! ரெண்டு நம்பரும் நம்மளுதுதானாம். இனிமே எந்த எஞ்சினியர் வந்து பிரின்னு சொன்னாலும் பிரிக்கவே கூடாதாம். நான் சொல்லல, சாரு சொல்லுதாரு. ஆமாதான சார்? பாத்தியா, தலைய ஆட்டுதாரு.

என்னலே, சாரப் பாத்து ஒத்தக் கண்ண அடிக்க? தூசி விழுந்துட்டா? டிரைவர் கிட்ட காத்துல நிக்காதன்னு சொன்னாக் கேக்கியா? கசக்காத, செவந்து போயிரும். இந்தா தண்ணி, தலையக் குனி, அண்ணன் ஊத்துதேன்.